பொம்மை என்ஜினும் போயிங் என்ஜினும்: வாசகர் கேள்விகள்

மாடல் விமானங்களில் பொருத்தும் சின்ன ஜெட் டர்பைன்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒப்பிடுவதற்கு வசதியாக இரண்டு என்ஜின்களைக் கையில் வைத்துக்கொள்வோம். ஒன்று, மாடல்காரர்களிடம் பிரபலமான ஜெட்கேட் பி200: சுமார் 23 கிலோ உந்துவிசை, 2.5 கிலோ எடை, 13 செ.மீ. விட்டம். இன்னொன்று, போயிங் 737 விமானத்தில் இருக்கும் சிஎஃப்எம்56-7பி: அதன் பெரிய ரகத்தில் 12,380 கிலோ உந்துவிசை, சுமார் 2,370 கிலோ எடை, முன்புற விசிறி மட்டுமே 155 செ.மீ.

கேள்வி: மாடல் டர்பைன் என்பது விமான என்ஜினை அப்படியே சுருக்கிச் செய்ததுதானே? — கோவை மாணவி ஒருவர்

இல்லை. இன்றைய விமான என்ஜினோடு அதற்கு உறவு குறைவு. நெருங்கிய சொந்தம் வேண்டுமென்றால் இரண்டாம் உலகப் போர் காலத்துக்குப் போக வேண்டும்.

ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 விமானத்தில் இருந்த யூமோ 004 என்ஜினின் கணக்கைப் பாருங்கள். உள்ளே வரும் காற்றை அது சுமார் 3 மடங்கு அழுத்தியது. ஒரு கிலோ உந்துவிசைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.4 கிலோ எரிபொருள் குடித்தது. 25 மணி நேரம் ஓடினாலே பெரிது. இப்போது பி200: அழுத்த விகிதம் ஏறத்தாழ 4, எரிபொருள் 1.5 கிலோ, 25 மணி நேரத்துக்கு ஒரு முறை கம்பெனி சர்வீஸ். வெப்ப இயக்கவியல் பார்வையில் இரண்டும் ஒரே வகுப்பு. எடையில்தான் மாடல் வெகுதூரம் முன்னே போய்விட்டது: யூமோ தன் எடையைப்போல் 1.25 மடங்குதான் தள்ளியது, பி200 ஒன்பது மடங்குக்கு மேல் தள்ளுகிறது.

வடிவத்தில் பார்த்தால் மாடல் என்ஜின் யூமோவைவிட பிரிட்டனின் ஃபிராங்க் விட்டில் 1941-இல் பறக்கவிட்ட டபிள்யூ.1 என்ஜினுக்கு அருகில் நிற்கிறது. இரண்டிலும் காற்றை மையத்தில் வாங்கி விளிம்பில் வீசும் மையவிலக்கு கம்ப்ரஸர் (காற்றை அழுத்தும் சக்கரம்), அதே தண்டின் மறுமுனையில் சூடான வாயு சுழற்றும் ஒற்றை அச்சு டர்பைன் சக்கரம். 737-இன் என்ஜினிலோ விசிறி ஒன்று, அதற்குப் பின் 3 பூஸ்டர் (முன்னழுத்த) நிலை, 9 உயரழுத்த கம்ப்ரஸர் நிலை, எரியறை, ஓர் உயரழுத்த டர்பைன், 4 தாழ்வழுத்த டர்பைன் நிலை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தண்டுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன.

மாடல்காரர்கள் இந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எளிமை. லாரி டர்போசார்ஜரின் கம்ப்ரஸர் சக்கரம் கடையிலேயே கிடைக்கும். பலரும் வீட்டில் கட்டிய கேஜே-66 என்ஜின் அப்படி ஒரு 66 மி.மீ. சக்கரத்தைச் சுற்றி வரையப்பட்டதுதான். அதற்கும் முன்பு கூர்ட் ஷ்ரெக்லிங் என்ற ஜெர்மானியர் ப்ளைவுட்டில் கம்ப்ரஸர் செய்து, கார்பன் இழை சுற்றி, ஓட்டியே காட்டிவிட்டார்.

கேள்வி: பெரிய என்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று, சின்னது 1,15,000 சுற்று என்கிறார்கள். சின்னது வெடித்துச் சிதறாதா? — திருநெல்வேலி

சுற்று எண்ணிக்கை ஏமாற்றும். காற்றுக்குத் தெரிவது சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது மட்டும்தான். கணக்குப் போடுங்கள். கேஜே-66 சக்கரத்தின் சுற்றளவு 0.207 மீட்டர். 1,15,000 சுற்று என்றால் நொடிக்கு 1,917. பெருக்கினால் நொடிக்கு 397 மீட்டர். 737 விசிறியின் சுற்றளவு 4.87 மீட்டர். அதன் நூறு சத வேகம் 5,175 சுற்று, நொடிக்கு 86. பெருக்கினால் நொடிக்கு 420 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே வேகம்! காற்றைக் குறிப்பிட்ட அளவு அழுத்த இவ்வளவு விளிம்பு வேகம் தேவை. விட்டம் சிறுத்தால் சுற்று கூடியே ஆக வேண்டும்.

உலோகத்துக்குள் எழும் இழுவிசையும் பெரும்பாலும் இந்த விளிம்பு வேகத்தைப் பொறுத்தது. எனவே நல்ல அலுமினியக் கலவைச் சக்கரம் தாங்கிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: சமநிலை. 66 மி.மீ. சக்கரத்தின் விளிம்பில் ஒட்டிய ஒரு கிராம் பொருள், முழு வேகத்தில் கிட்டத்தட்ட 490 கிலோ எடையுள்ளதுபோல் வெளியே இழுக்கும். பெரிய விசிறியின் நுனியில் அதே ஒரு கிராம் 23 கிலோதான். அதனால் மாடல் ரோட்டரில் மையத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி 10 மில்லிகிராம் சமனின்மை மிச்சமிருந்தாலே ஒன்றரை கிலோ விசை நொடிக்கு 1,900 தடவை திசை மாறிப் பேரிங்கைக் குத்தும். கம்ப்ரஸர் நட்டைக் கழற்றிய பிறகு சக்கரத்தைப் பழைய குறிக்கு நேராகவே மாட்டச் சொல்வது இதற்குத்தான். குறி போடாமல் கழற்றியவர்கள் மறுபடியும் பேலன்ஸ் செய்யும் செலவைக் கட்ட வேண்டிவரும்.

கேள்வி: மாடல் ஜெட் பத்து நிமிடம் பறக்கவே மூன்று, நான்கு லிட்டர் குடிக்கிறதே. ஏன் இவ்வளவு தாகம்? — சேலம்

உந்துவிசைக்கு உந்துவிசை ஒப்பிட்டால் நான்கு மடங்கு தாகம். பி200 முழு வேகத்தில் நிமிடத்துக்கு சுமார் 730 மி.லி. எரிக்கும். மணிக்கு 35 கிலோ. அதை 23-ஆல் வகுத்தால் ஒரு கிலோ உந்துவிசைக்கு 1.5 கிலோ. சிஎஃப்எம்56 புறப்பாட்டின்போது நொடிக்கு 1.28 கிலோ, அதாவது மணிக்கு 4,600 கிலோ எரிக்கிறது. 12,380-ஆல் வகுத்தால் 0.37 கிலோ.

இந்த நான்கு மடங்கு எங்கிருந்து வருகிறது? முதலில் அழுத்தம். காற்றை எவ்வளவு அழுத்திவிட்டு எரிக்கிறோமோ, அந்த அளவுக்கு வெப்பத்திலிருந்து வேலை வாங்கலாம். உரசல், கசிவு எதுவும் இல்லாத உன்னத என்ஜினாக இருந்தாலும் 4 மடங்கு அழுத்தத்தில் 33 சதவீதத்துக்கு மேல் கறக்க முடியாது. 737 என்ஜின் எட்டும் 32 மடங்கில் 63 சதவீதம். மையவிலக்குச் சக்கரம் ஒன்றை வைத்துக்கொண்டு 4-க்கு மேல் போவது கடினம். விளிம்பு வேகம் ஒலியைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டும், அலுமினியம் அதற்கு ஒத்துழைக்காது.

அடுத்தது புகைபோக்கியில் வீணாகும் வேகம். பி200 நொடிக்கு 450 கிராம் காற்றை 510 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. 737 என்ஜின் நொடிக்கு சுமார் 350 கிலோ காற்றை, சராசரியாக 340 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. உந்துவிசை என்பது நிறை பெருக்கல் வேகம். அதற்குச் செலவாகும் ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுபவனுக்கே லாபம். பெரிய விசிறி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். இதில் மட்டும் ஒன்றரை மடங்கு போய்விடுகிறது.

மூன்றாவது சிறுமையே தரும் தண்டனை. மாடல் டர்பைன் பிளேடின் உயரம் 10 மி.மீ. அளவுதான். அதன் நுனிக்கும் உறைக்கும் நடுவே 0.1 முதல் 0.2 மி.மீ. இடைவெளி விட்டாக வேண்டும். சூட்டில் சக்கரம் விரிந்து உரசிவிடக் கூடாதல்லவா? உயரத்தில் 1 முதல் 2 சதவீதம் அந்த இடைவெளி, அதன் வழியே வாயு வேலை செய்யாமலே நழுவிவிடும். பெரிய என்ஜினில் வெளி உறையின் மேல் குளிர்ந்த காற்றை ஊதி, உறையைச் சுருக்கி, பறக்கும்போதே இடைவெளியைக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. இதோடு பிளேடின் மேல் ஒட்டிக்கொண்டு மந்தமாக நகரும் காற்றுப்படலம் சின்ன பிளேடில் விகிதத்தில் தடிமனாக இருக்கும். எரியறையும் குட்டியாக இருப்பதால் எல்லாத் துளியும் எரிந்து முடிக்க நேரம் கிடைப்பதில்லை. மாடல் ஜெட் நிறுத்தத்தில் நின்றாலே பச்சை மண்ணெண்ணெய் வாடை மூக்கைத் துளைப்பது இதனால்தான்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால், பி200-இல் எரியும் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 14 சதவீதம் மட்டுமே வாயுத்தாரையின் இயக்க ஆற்றலாகிறது.

கேள்வி: அப்படியானால் மாடலிலும் முன்னால் ஒரு விசிறி வைத்துவிடலாமே? — சேலம், அதே வாசகர்

வைக்கலாம், ஆனால் அந்த விசிறியைச் சுற்ற யார் வருவார்? கம்ப்ரஸரின் வேகத்தில் பெரிய விசிறியைச் சுற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்துவிடும். மெதுவாகச் சுற்ற வேண்டுமென்றால் தனி டர்பைன், அதிலிருந்து முன்பக்கம் வரை இன்னொரு தண்டு. மாடலின் தண்டே பேரிங் இருக்கும் இடத்தில் 8 மி.மீ. தடிமன்தான், 1,00,000 சுற்றுக்கு மேல் ஓடும் அதற்குள் இன்னொரு தண்டை நுழைத்து ஓட்டுவது நகைக்கடை வேலை. பற்சக்கரம் வைத்துக் குறைக்கலாம். டர்போபிராப் மாடல்களில் அதைத்தான் செய்கிறார்கள்: வெளிவரும் வாயுவில் இரண்டாவது டர்பைனைச் சுற்றி, கியர் மூலம் புரொப்பல்லரை ஓட்டுகிறார்கள். அது நன்றாகவே வேலை செய்கிறது. வேகமாகப் பறக்கும் போர்விமான மாடலுக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

கேள்வி: பெரிய என்ஜினில் டர்பைன் பிளேடு உருகும் சூட்டையும் தாண்டி ஓடுகிறது என்கிறார்கள். சின்னதில்? — தஞ்சாவூர்

சின்னதில் அந்தச் சாகசம் கிடையாது. மாடல் டர்பைன் சக்கரம் இன்கோனல் 713 போன்ற நிக்கல் கலவையில் பிளேடுகளோடு சேர்த்து ஒரே வார்ப்பாக வருவது. உள்ளே குளிரூட்டும் வழி எதுவும் இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் துளை எங்கே போடுவது? எனவே வெளிவாயு வெப்பத்தை 700 டிகிரி செல்சியஸை ஒட்டி நிறுத்திவிடுகிறார்கள். இசியு என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி அதைத் தாண்டினால் எரிபொருளைக் குறைத்துவிடும்.

இன்றைய விமான என்ஜின்களில் டர்பைனுக்குள் நுழையும் வாயு 1,400 முதல் 1,700 டிகிரி வரை போகும். கலவை உருகுவதோ 1,300 டிகிரிக்குச் சற்று மேலே. பிளேடு ஒற்றைப் படிகமாக வளர்க்கப்படுகிறது, மேலே செராமிக் பூச்சு, உள்ளே வளைந்து நெளிந்து ஓடும் குளிர்காற்று, அது நுண்துளைகள் வழியே கசிந்து பிளேடைப் படலமாகப் போர்த்துகிறது. ‘குளிர்காற்று’ என்று சொல்கிறோமே தவிர, கம்ப்ரஸரிலிருந்து வரும் அந்தக் காற்றே 500 டிகிரிக்கு மேல் இருக்கும். இந்தியாவில் சொந்தமாகப் போர்விமான என்ஜின் செய்வது இத்தனை ஆண்டு இழுத்ததற்கு இந்த பிளேடும் ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: எரிபொருளிலேயே ஆயில் கலக்கச் சொல்கிறார்கள். டூ-ஸ்ட்ரோக் வண்டி மாதிரியா? எவ்வளவு? ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றலாமா? — மதுரை

கலப்பது டூ-ஸ்ட்ரோக் போல, காரணம் வேறு. இங்கே ஆயில் பேரிங்குக்காக மட்டும். பம்ப்பிலிருந்து வரும் எரிபொருளில் மிகச் சிறு பங்கு தனிக் குழாயில் பிரிந்து, தண்டின் இரு முனையிலும் உள்ள பேரிங் மேல் தெளிக்கும். பிறகு டர்பைன் வழியே எரிந்து வெளியே போய்விடும். திரும்பி வராது. விமான என்ஜினில் தனி டேங்க், பம்ப், வடிகட்டி, குளிர்விப்பான் எல்லாம் கொண்ட மூடிய சுற்று; ஒரே ஆயில் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், மொபில் ஜெட் ஆயில் 2 போன்ற ஆயில் இரண்டிலுமே பயன்படுகிறது.

அளவு 5 சதவீதம்: 20 லிட்டருக்கு 1 லிட்டர். சில என்ஜின்களின் கையேடு 4 சதவீதம் போதும் என்கிறது; உங்கள் கையேட்டில் உள்ளதே சட்டம். குறைத்தால் முதலில் போவது பின் பேரிங், ஏனென்றால் அதுதான் டர்பைனை ஒட்டிச் சூட்டில் கிடப்பது. அதிகமாக்கினால் புகையும் எரியறையில் கரியும். கேனை நன்றாகக் குலுக்குங்கள், பிறகு வடிகட்டி வழியே மாடல் டேங்குக்கு ஏற்றுங்கள். டர்பைன் ஆயில் கைத்தோலில் படாமல் கையுறை போடுவது நல்லது. அதில் சேர்க்கும் சில பொருள்கள் நச்சுத்தன்மை உள்ளவை.

எரிபொருளைப் பொறுத்தவரை ஜெட் ஏ-1 முதல் தேர்வு. சுத்தமான வெள்ளை மண்ணெண்ணெய் அடுத்தது. டீசலிலும் பல என்ஜின்கள் ஓடும், ஆனால் பற்றவைக்கச் சண்டித்தனம் செய்யும், புகையும், ஆவியாக்கும் குழாய்களில் கரி கட்டும். கேஜே-66-இல் அத்தகைய குழாய்கள் ஆறு. ஊசிக்குழல் வழியே எரிபொருள் அதற்குள் போய்ச் சூட்டில் ஆவியாகி வரும். ஒன்று அடைத்தாலும் எரியறையில் ஒரு பக்கம் சூடு ஏறி, ஒரு பக்கம் குறையும். ரேஷன் கடை நீல மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்: தரம் சீராக இருக்காது, தவிர சமையலுக்கும் விளக்குக்கும் தருவதை வேறு வேலைக்கு எடுப்பது சட்டவிரோதம். பெட்ரோல் பக்கம் போகவே கூடாது. ஒரு கசிவு போதும், மாடலோடு நீங்களும் எரிவீர்கள்.

கேள்வி: ஸ்டார்ட் செய்யும்போது என்னென்ன நடக்கிறது? விமானி செய்வதும் மாடல்காரர் செய்வதும் ஒன்றா? — புதுச்சேரி

வரிசை ஒன்றேதான்: முதலில் காற்று, பிறகு நெருப்பு, பிறகு எரிபொருள், கடைசியில் பொறுமை.

மாடலில்: பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும். எரிபொருள் குழாயில் குமிழி தென்படாதவரை பம்ப்பை ஓட்டுங்கள், ஆனால் எரிபொருள் என்ஜினுக்குள் போகுமுன் நிறுத்திவிட வேண்டும். மூக்கைக் காற்றுவாக்குக்கு எதிராகத் திருப்பி நிறுத்துங்கள். ஒருவர் கையில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருக்கட்டும். சுவிட்சைக் கொடுத்ததும் மின்மோட்டார் ரோட்டரை மெதுவாகச் சுழற்றும், பற்றவைக்கும் பிளக் சிவக்கும், வால்வு திறந்து துளித்துளியாக எரிபொருள் விழும். ‘பொக்’ என்று பற்றும் சத்தம் கேட்கும், வெப்பநிலை ஏறும். அதன்பின் இசியு எரிபொருளைப் படிப்படியாகக் கூட்டும், ஸ்டார்ட்டர் தள்ளிக்கொண்டே இருக்கும், போதிய வேகம் வந்ததும் விலகிக்கொள்ளும். 33,000 சுற்றில் நிலைத்த பிறகே த்ராட்டில் உங்கள் கைக்கு வரும்.

737-இல்: வாலில் உள்ள துணை என்ஜின் கொடுக்கும் அழுத்தக்காற்று ஸ்டார்ட்டரைச் சுற்றுகிறது. உயரழுத்தத் தண்டு 25 சத வேகம், குறைந்தபட்சம் 20 சதவீதம் எட்டியதும் விமானி எரிபொருள் லீவரைத் தூக்குகிறார். 10 நொடிக்குள் வெப்பநிலை ஏறாவிட்டால் லீவரைக் கீழே இறக்கிவிடுவார். ஏறி 725 டிகிரியைத் தொடப் பார்த்தாலும் அப்படியே. 56 சதவீதத்தில் ஸ்டார்ட்டர் விலகும்.

கெடும் விதங்களும் ஒன்றேதான். முதல் முறை பற்றாமல் போய், எரிபொருள் உள்ளே தேங்கி, அடுத்த முறை எல்லாம் சேர்ந்து பற்றினால் வால்வழியே ஒரு மீட்டர் சுவாலை. அப்போது பதறிப்போய் பேட்டரியைப் பிடுங்காதீர்கள். எரிபொருள் நிற்க வேண்டும், ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; காற்றுதான் உங்கள் தண்ணீர். அப்படியும் அடங்காவிட்டால் முன்வாயில் கார்பன் டை ஆக்சைடு அடியுங்கள். பவுடர் தீயணைப்பான் அடித்தால் தீ அணையும், என்ஜினும் அன்றோடு முழுசாகப் பிரித்துக் கழுவும் வேலைக்குப் போகும். பற்றாத முயற்சிக்குப் பிறகு மாடலின் மூக்கைத் தூக்கி, வால்பக்கமாக எரிபொருளை வடித்துவிட்டே மறுபடி முயல வேண்டும்.

இன்னொன்று, பாதியில் திணறி நிற்பது: சுற்று ஏறாது, வெப்பம் மட்டும் ஏறும். மாடலில் பெரும்பாலும் பேட்டரி தளர்வு அல்லது இறுகிய பேரிங். விமானத்தில் ஸ்டார்ட்டருக்கு வரும் காற்று போதாமை, அல்லது பின்பக்கமிருந்து அடிக்கும் பலமான காற்று.

நிறுத்தும்போதும் அக்கறை தேவை. மாடலில் எரிபொருள் நின்றதும் இசியு ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றி, வெப்பநிலை சுமார் 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை காற்றோட்டம் கொடுக்கும். நடுவில் பேட்டரியைக் கழற்றினால் டர்பைனின் சூடு தண்டு வழியே பின் பேரிங்குக்கு ஏறி, மிச்ச ஆயில் கரியாகும். அடுத்த நாள் ரோட்டரை விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். வழுவழுவென்று ஓடாமல் நறநறவென்றால் இதுதான் கதை. விமானியும் தரையிறங்கிய பின் மூன்று நிமிடம் ஐடிலில் (மிகக் குறைந்த சுற்றில்) ஓட்டிய பிறகே என்ஜினை நிறுத்துகிறார். 737 மேக்ஸ் போன்ற விமானங்களின் புதிய லீப் என்ஜின்களில் சூடாக நின்ற தண்டு மேல்பக்கம் சற்று வளைந்துவிடும் என்பதால், அடுத்த ஸ்டார்ட்டின்போது எரிபொருள் விடாமல் வெறுமனே சுற்றி நேராக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேள்வி: சின்னது தன் எடையைப்போல் ஒன்பது மடங்கு தள்ளுகிறது, பெரியது ஐந்து மடங்குதான். பிறகு ஏன் விமானத்தில் நூற்றுக்கணக்கில் சின்னதை அடுக்கக் கூடாது? — நாகர்கோவில்

நல்ல கேள்வி, கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். ஒரு சிஎஃப்எம்56-க்கு ஈடாக 538 பி200 வேண்டும். மொத்த எடை 1,345 கிலோ. பெரியதைவிட ஒரு டன்னுக்கு மேல் குறைவு! அளவைப் பாதியாக்கினால் காற்று நுழையும் பரப்பு நாலில் ஒன்றாகும், எடையோ எட்டில் ஒன்றாகும். சின்னதின் லாபம் அங்கிருந்து வருகிறது.

ஆனால் இந்த 538-உம் சேர்ந்து நிமிடத்துக்கு 393 லிட்டர் குடிக்கும்; பெரியது 96 லிட்டர். சென்னையிலிருந்து டெல்லி போவதற்குள் மிச்சம்பிடித்த ஒரு டன்னைப் பலமுறை எரித்துத் தீர்த்திருப்பீர்கள். 25 மணி நேரத்துக்கு ஒரு சர்வீஸ் வேறு. சிஎஃப்எம்56 இறக்கையிலிருந்து இறங்காமலே 20,000 மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

கேள்வி: இவற்றைக் கட்டிக்கொண்டு மனிதன் பறக்கிறானாமே? — வேலூர்

ஆம். சுவிட்சர்லாந்தின் ஈவ் ரோசி 2008 செப்டம்பர் 26 அன்று முதுகில் இறக்கையும் அதன்கீழ் நான்கு மாடல் டர்பைனும் கட்டி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். நான்கும் சேர்ந்து தொண்ணூறு கிலோகூடத் தள்ளாது, தூக்கியது இறக்கைதான். பிரான்சின் ஃபிராங்கி ஸபாட்டா 2019 ஆகஸ்ட் 4 அன்று இறக்கையே இல்லாமல், நின்ற நிலையில், சுமார் 22 நிமிடத்தில் அதே கால்வாயைக் கடந்தார். நடுவழியில் படகில் இறங்கி எரிபொருள் மாற்றிக்கொண்டார். இறக்கை இல்லாவிட்டால் தாகம் எப்படி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கேள்வி: முன்வாயில் வலை போட்டிருக்கிறார்களே, விமானத்தில் ஏன் இல்லை? — விழுப்புரம்

மாடல் ஓடும் தரையில் கல்லும் புல்லும் உண்டு, பறக்கும் உயரமும் குறைவு, அதனால் வலை சரி. உயரத்தில் வலையின் மேல் பனிக்கட்டி படிந்தால் என்ஜின் மூச்சுமுட்டும். பறவை மோதினால் பறவையோடு வலையும் பிய்ந்து உள்ளே போகும்.

கேள்வி: மே மாத வெயிலில் மாடல் சோம்பலாக இருக்கிறது. இசியு முழு சுற்று காட்டுகிறதே? — திருச்சி

இசியு காப்பது சுற்றை, உந்துவிசையை அல்ல. 40 டிகிரி காற்றின் அடர்த்தி 15 டிகிரிக் காற்றைவிட 8 சதவீதம் குறைவு. அதோடு சூடான காற்றில் ஒலியின் வேகம் கூடுவதால், பி200-இன் முழு வேகமான அதே 1,12,000 சுற்றும் கம்ப்ரஸருக்கு 4 சதவீதம் மெதுவாகச் சுற்றுவதுபோல்தான். இரண்டும் சேர்ந்து உந்துவிசையில் 10 சதவீதத்துக்கு மேல் கழன்றுவிடும். ஓடுதளம் நீளமாக வேண்டும், அல்லது அரை லிட்டர் குறைத்து ஏற்றுங்கள். 737 என்ஜின் கடல்மட்டத்தில் 30 டிகிரி வரை ஒரே உந்துவிசை தருமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. குளிர்நாளில் கைவசம் உள்ளதை முழுதாகக் காட்டுவதில்லை. 30-க்கு மேல் அதற்கும் இறக்கம்தான்.

கேள்வி: தரையிறங்கும்போது த்ராட்டில் கொடுத்தும் மாடல் விழுந்துவிட்டது. என்ஜின் பழுதா? — திண்டுக்கல்

பெரும்பாலும் இல்லை. ரோட்டரை ஐடிலிலிருந்து முழு வேகத்துக்கு ஏற்ற மூன்று முதல் ஐந்து நொடி ஆகும். எரிபொருளை அதைவிட வேகமாகக் கொட்டினால் காற்று ஈடுகொடுக்காமல் கம்ப்ரஸர் திணறும், ‘டப் டப்’ என்று பின்னோக்கி அடிக்கும். இசியு அதைத் தவிர்க்கத்தான் தாமதிக்கிறது. விமான என்ஜினுக்கும் இதே கட்டு: உந்துவிசை 15 சதவீதத்துக்கு மேற்படாத நிலையிலிருந்து 95 சதவீதத்துக்கு 5 நொடிக்குள் ஏற வேண்டும் என்பது சான்றிதழ் விதி. அதனால்தான் விமானிகள் ஃபிளாப் (இறக்கை மடல்), சக்கரம் எல்லாம் இறக்கி இழுவையைக் கூட்டி, என்ஜினை ஓரளவு உயர்ந்த சுற்றில் வைத்தே இறங்குகிறார்கள். மாடலிலும் அப்படியே செய்யுங்கள். திடீரென்று சத்தமே நின்றுபோயிருந்தால் மட்டும் எரிபொருள் குழாயில் குமிழி வந்ததா என்று பாருங்கள். நொடிக்கு 12 மி.லி. ஓடும் குழாயில் ஒரு மி.லி. காற்று போதும், தீ அணைந்துவிடும். காற்றைப் பிடித்துவைக்கும் சின்ன இடைடேங்க் இல்லாமல் பறக்காதீர்கள்.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்குப் பழைய லாரி டர்போவை வைத்து ஜெட் செய்ய நினைக்கிறோம். அளவுகள் தர முடியுமா? — ஈரோடு மாணவர்கள்

பறக்க உதவாது, கனமானது. ஆனால் பாடம் கற்க இதைவிட நல்லது இல்லை. அனுபவ விதி இது: கம்ப்ரஸர் சக்கரத்தின் நுழைவாய் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். உள்ளே தீ எரியும் தீக்குழாயின் விட்டம் அதைப்போல் 2 மடங்கு, நீளம் 6 மடங்கு. குழாயில் போடும் துளைகளின் மொத்தப் பரப்பு நுழைவாயின் பரப்புக்குச் சமம். அதில் 30 சதவீதம் எரிபொருள் வரும் முனையில், 20 நடுவில், 50 டர்பைன் பக்கத்தில். நுழைவாய் 50 மி.மீ. என்றால் குழாய் 100 மி.மீ. விட்டம், 300 மி.மீ. நீளம், துளைப் பரப்பு முறையே 590, 390, 980 சதுர மி.மீ. முன்துளை அதிகமானால் தீ நிலைக்காது, பின்துளை குறைந்தால் டர்பைன் கருகும்.

எல்பிஜி-யில் தொடங்குங்கள், ஊதுவான் வைத்துச் சுற்றிவிடுங்கள். டர்போவின் பேரிங் ஆயில் படலத்தில் மிதப்பது. 3 பார் அழுத்தத்தில் ஆயில் பம்ப் ஓடிய பிறகே சக்கரம் அசைய வேண்டும், நின்ற பிறகும் சில நிமிடம் ஓட வேண்டும். ஆயில் திரும்பும் குழாய் அகலமாக, நேராகக் கீழ்நோக்கி இருக்கட்டும்; அது அடைத்தால் ஆயில் சீல் வழியே டர்பைனுக்குள் கசிந்து பற்றும். சுற்றுமானி, அழுத்தமானி, வெப்பமானி மூன்றும் இல்லாமல் ஓட்டாதீர்கள். எல்பிஜி வால்வை மூடக் கை எட்டும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும், சக்கரம் சுழலும் தளத்துக்கு நேர் பக்கவாட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது.